சிங்களத்தில் ‘அபி’ என்றால் நாமா, நாங்களா? தமிழ்–சிங்களக் கலந்துரையாடலுக்கு வாடகைக்குக் கிடைக்கும் உரைபெயர்ப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

கொழும்பில் மாநாடுகளுக்கு ஒலியமைப்பு வாடகைக்குக் கொடுப்பவர்கள் தமிழ்–சிங்கள உரைபெயர்ப்பையும் ஒரு பொதியாகத் தருகிறார்கள். கண்ணாடி வைத்த கூண்டு ஒன்று, அதற்குள் இரண்டு உரைபெயர்ப்பாளர்கள், ஆளுக்கொரு ஹெட்செட், கூடவே ஒரு ஒலிக்காரர். ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் கருத்தரங்குக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தமிழ்த் தாயும் போரில் மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாயும் ஒரே வட்டத்தில் உட்காரும் கூட்டத்துக்கு, அதே பொதியை அப்படியே வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. ஒருவர் சொன்னது மறுபக்கத்துக்கு வேறாகப் போய்ச் சேரும். அது வேறாகப் போனது என்பதே இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் கூட்டம் முடிந்துவிடும்.

நிறுவனப் பெயர் எதுவும் இங்கே இல்லை. குறைகள் ஒரு கடைக்கு உரியவை அல்ல, இந்தச் சேவை விற்கப்படும் முறைக்கு உரியவை. கிராமச் சங்கங்கள், சர்வமதக் குழுக்கள், பெண்கள் அமைப்புகள் என்று கலந்துரையாடல் நடத்துகிறவர்கள் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் கருவிகள். இவை பெரும்பாலும் தரமானவை. பிரச்சினை, எந்த இடத்துக்கு எது என்று வாடகைக்குக் கொடுப்பவர்கள் கேட்பதில்லை. ஹெட்செட்டுக்கு ஒலி போகும் வழி பொதுவாக இரண்டு: ஐ.ஆர். எனப்படும் அகச்சிவப்பு, அல்லது எஃப்.எம். வானொலி அலை. அகச்சிவப்பு மண்டபச் சுவரைத் தாண்டாது. வெளியே வாகனத்தில் உட்கார்ந்து யாரும் கேட்க முடியாது. புலனாய்வுக்காரர்கள் வந்து விசாரித்துப் பழகிப்போன ஊர்களில் இது சின்ன விடயம் இல்லை. ஆனால் அகச்சிவப்புக்கு வெயில் ஆகாது. சுவர் அரைவாசி மட்டும் கட்டிய சனசமூக நிலையத்திலோ தகரக் கொட்டகையிலோ பத்து மணி வெயில் உள்ளே விழுந்ததும் ஜன்னலோரம் இருப்பவர்களுக்குச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். அங்கே எஃப்.எம். தான் ஒரே வழி. அப்படியென்றால் வெளியே கேட்க வாய்ப்புண்டு என்பதைக் கூட்டம் தொடங்குமுன் இரண்டு மொழியிலும் சொல்லிவிட வேண்டும். மூடிய மண்டபம் கிடைத்தால் அகச்சிவப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஹெட்செட் இரண்டு காதையும் மூடுவதாக இருக்கக் கூடாது. ஒற்றைக் காது வகையைக் கேளுங்கள். ஒரு காதில் உரைபெயர்ப்பும் மறு காதில் பேசுகிறவரின் சொந்தக் குரலும் விழ வேண்டும். குரல் தழுதழுப்பதையும் நடுவில் நின்றுபோவதையும் எந்த உரைபெயர்ப்பாளராலும் கடத்த முடியாது. எண்ணிக்கையில், 30 பேர் என்றால் 36 வாங்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு மேலதிகம் இல்லாமல் கிராமத்தில் ஒருநாள் தாக்குப் பிடிக்காது: பற்றரி தீரும், வயர் முறியும், சொல்லாமல் இரண்டு பேர் கூட வருவார்கள்.

இன்னொரு பிழை, பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று தமிழர்களுக்கு மட்டும் ஹெட்செட் எடுப்பது. அப்போது கூட்டத்தின் மொழி சிங்களம் என்று ஆகிவிடுகிறது. தமிழர் எழுந்து பேசும்போது மட்டும் ஒலிபெருக்கியில் ஒரு சுருக்கம் வரும். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்டில், 1987 இன் 13ஆம் திருத்தத்தில்தான் தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்ட நாட்டில், யார் காதில் கருவி மாட்டுகிறது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். வட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஹெட்செட் வேண்டும், இருமொழி தெரிந்தவர்களுக்கும்.

அடுத்தது, இந்தச் சேவையில் உடனே நிறுத்த வேண்டிய பழக்கம். ஹெட்செட் தொலைந்துவிடாமல் இருக்க, வாசலில் மேசை போட்டுத் தேசிய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கருவியைக் கொடுப்பது. கொழும்பு ஹோட்டலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சோதனைச் சாவடிகளில் அட்டையை நீட்டி, அது திரும்பக் கைக்கு வரும்வரை மூச்சுப் பிடித்து நின்ற சனத்திடம் இதைச் செய்யக் கூடாது. அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர் அன்று முழுக்க வாசலைப் பார்த்தபடிதான் இருப்பார், வாய் திறக்க மாட்டார். மாற்று வழி சுலபம். ஒவ்வொரு கருவியிலும் ஒரு இலக்கம் ஒட்டுங்கள், அதே இலக்கத்தைக் கதிரையிலும் ஒட்டுங்கள். கருவி கதிரையில் இருந்து எழும்பாது. தொலைந்தால் அதன் விலையைத் தருவதாக ஏற்பாட்டாளர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

கூண்டு 20, 25 பேர் கூடும் வட்டத்துக்குத் தேவையில்லை. நாற்சதுர மேசை அளவு இடத்தை அது பிடித்துக்கொள்ளும் (இரண்டு பேர் உட்காரும் தரமான கூண்டின் அடி 1.6 மீற்றருக்கு 1.6 மீற்றர், உயரம் 2 மீற்றர்). மின்சாரம் போனால் உள்ளே புழுக்கம் தாங்காது. அதோடு பொதுவாக மண்டபத்தின் பின்மூலையில்தான் அதை நிறுத்துவார்கள். உரைபெயர்ப்பாளருக்குப் பேசுகிறவரின் முதுகுதான் தெரியும். உதட்டையும் கையையும் பார்க்காமல் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை ஒருவர் எப்படிப் பிடிப்பார்? சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருக்கும் கையடக்கச் செட் ஒன்று போதும். சின்ன மைக் ஒன்றும் சட்டைப்பை அளவுப் பெறுநர் கருவிகளும் கொண்டது அது. உரைபெயர்ப்பாளர்கள் வட்டத்துக்குள்ளேயே, ஆனால் ஒரு அடி பின்னால், உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசலாம். 40 பேரைத் தாண்டினால் கூண்டு வேண்டும். அப்போதும் அது பக்கவாட்டில், முகங்கள் தெரியும் கோணத்தில் நிற்க வேண்டும்.

கருவிகளை விட்டு ஆட்களுக்கு வந்தால்தான் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் தெரியவரும்.

பேசப் பேசவே பெயர்க்கும் சமகால உரைபெயர்ப்பை ஒருவர் 20 இலிருந்து 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் பிழை விடத் தொடங்குவார். அதனால்தான் சோடி. ஒருவரை மட்டும் அனுப்பி அரைவாசிக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அதை எடுக்கவே வேண்டாம். சோடியில் ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்குச் சிங்களமும் தாய்மொழியாக இருந்து, ஒவ்வொருவரும் தன் தாய்மொழிக்குள் பெயர்ப்பது மிகச் சிறந்தது. அப்படிக் கிடைப்பது கடினம். சந்தையில் அதிகம் இருப்பவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தென்னிலங்கையில் வளர்ந்த தமிழர்களும். அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏற்பாட்டாளர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உரைபெயர்ப்பாளரும் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் இருந்து வந்த ஒருவர், வடக்குத் தமிழரின் இழப்பை ‘நான்’, ‘என் மகன்’ என்று தன் வாயால் நாள் முழுக்கச் சொல்கிறார். அவரைக் கருவியோடு சேர்த்து எண்ணாதீர்கள். கூட்டத்துக்கு முதல்நாளே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இன்ன அமர்வு வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.

இனிச் சொற்கள். சேவையின் தரம் ஒரே நிமிடத்தில் வெளிப்படும் இடம் இது.

சிங்களத்தில் ‘அபி’ என்று ஒரே சொல். தமிழில் அதற்கு இரண்டு: கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ‘அபி ஹுங்கக் துக் விந்தா’ என்று ஒரு சிங்களத் தாய் சொல்கிறார், நிறையத் துன்பப்பட்டோம் என்று. அவர் மனதில் எதிரே இருக்கும் தமிழ்த் தாயும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறாரா? சிங்களம் சொல்லவில்லை. தமிழ் சொல்லாமல் விடாது. பழகாத உரைபெயர்ப்பாளர் கையில் வந்ததைப் போடுவார். ‘நாங்கள்’ என்று போட்டால் அது ஒரு சுவர். ‘நாம்’ என்று போட்டால், அவர் நீட்டாத கையை நீட்டியதாகக் காட்டுகிறது. நல்லவர் அந்த இடத்தில் எழுவாயையே விட்டு ‘நிறையத் துன்பப்பட்டாயிற்று’ என்று போட்டுவிட்டு, அடுத்த வசனத்தில் தெளிவு வருகிறதா என்று காத்திருப்பார். வராவிட்டால் கையை உயர்த்தி, ‘எல்லோரையும் சேர்த்தா சொல்கிறீர்கள்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருந்து மட்டும் அரைமணி நேரம் நல்ல பேச்சு பிறக்கும். ஆளைத் தெரிவு செய்யும்போது இந்த ஒரு வசனத்தைக் கொடுத்துப் பாருங்கள். சான்றிதழ் சொல்லாததை அது சொல்லும்.

மரியாதை விகுதியும் இப்படித்தான். பேச்சுச் சிங்களத்தில் ‘எயா ஆவா’ என்றால் வந்தவர் ஆணா பெண்ணா, மதிப்பா அவமதிப்பா ஒன்றும் தெரியாது. தமிழில் வந்தான், வந்தார், வந்தாள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இராணுவச் சிப்பாயைப் பற்றியும் இறந்த போராளியைப் பற்றியும் பேச்சு வரும்போது ‘ஆன்’ விகுதி யாருக்குப் போகிறது, ‘ஆர்’ யாருக்குப் போகிறது என்பதைச் சனம் எண்ணிக்கொண்டிருக்கும். இறந்தவர் எவராயினும் ‘ஆர்’ என்று முன்கூட்டியே முடிவு செய்து, இரண்டு தரப்புக்கும் அதை அறிவித்துவிட வேண்டும்.

தமிழில் இருந்து போகும்போது வரும் பிழைகள் இன்னும் ஆபத்தானவை. யாழ்ப்பாணப் பேச்சில் ‘அவை வந்தவை, பிள்ளையைக் கொண்டு போனவை’ என்றால் மனிதர்கள் வந்தார்கள், கொண்டுபோனார்கள் என்று பொருள். எழுத்துத் தமிழில் மட்டும் பயிற்சி எடுத்தவர் காதுக்கு அது அஃறிணை. ஆட்கள் மறைந்து பொருட்கள் வந்துவிடும். சரி, ஆட்கள்தான் என்று பிடித்தாலும், எந்த ஆட்கள்? அந்தத் தாய் சொல்லவில்லை. இராணுவமாக இருக்கலாம், இயக்கமாக இருக்கலாம், துணை ஆயுதக்குழுவாக இருக்கலாம். பயத்திலோ நினைத்தோ பெயரை விட்டிருப்பார். சிங்களத்தில் வசனத்தை ஓட்டுவதற்காக உரைபெயர்ப்பாளர் ‘ஹமுதாவ’ என்று இராணுவத்தை எழுவாயாக வைத்துவிட்டால், சொல்லாத குற்றச்சாட்டு ஒன்று அந்தத் தாயின் பெயரில் பதிவாகிவிடுகிறது. ‘பிள்ளை’ என்ற சொல்லும் அப்படியே. 24 வயது மகனையும் தாய் பிள்ளை என்பார். அதை ‘லமயா’ என்று பெயர்த்தால் எதிர்ப்பக்கம் பள்ளிச் சிறுவனை நினைக்கும். ‘புத்தா’ என்றோ ‘தருவா’ என்றோ போட வேண்டும்.

‘ஜாதிய’ என்ற சிங்களச் சொல் இனம் அல்லது தேசம் என்று பொருள்படும். சாதிக்கு அங்கே வேறு சொல், ‘குலய’. அனுபவமில்லாதவர் ‘எங்கட சாதி’ என்று பெயர்த்துவிட்டால், கூட்டம் திசைமாறிப் போகும். ‘கணகாட்டுயி’ என்பது வருத்தமாக இருக்கிறது என்பது. ‘சமாவ’ என்பதுதான் மன்னிப்பு. முன்னதை மன்னிப்பு என்று பெயர்த்தால், கேட்காத மன்னிப்பைக் கேட்டதாக ஊர் முழுக்கப் பேச்சுப் பரவும். மறுநாள் பேசியவர், நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பார். அந்த ஊரில் இன்னொரு கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இராணுவத்தினரைப் போற்றும் ‘ரணவிரு’, இறந்த புலிப் போராளிகளைக் குறிக்கும் ‘மாவீரர்’ இரண்டையும் பெயர்க்கவே கூடாது, அப்படியே விட வேண்டும். காணாமல் போனோர் என்பதா, காணாமல் ஆக்கப்பட்டோர் என்பதா? 2016 இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன’ என்றுதான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய உறவினர்கள் ‘ஆக்கப்பட்டோர்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் சிங்களத்திலும் யாரோ செய்தார்கள் என்பது தெரியும்படி ‘அத்துருதஹன் கரனு லெபூ’ என்றே போக வேண்டும்.

சொல் ஒன்று நாட்டையே ஆட்டிய அனுபவமும் இருக்கிறது. 2017 செப்டெம்பரில் வந்த அரசியலமைப்பு வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கையில் சிங்களத்துக்கு ‘ஏக்கிய ராஜ்யய’ (வழக்கமாக ஒற்றையாட்சியைக் குறிப்பது), தமிழுக்கு ‘ஒருமித்த நாடு’ என்று போட்டார்கள். ஒருபக்கம் ஒற்றையாட்சி போய்விட்டது என்றது, மறுபக்கம் ஒற்றையாட்சி அப்படியே இருக்கிறது என்றது. சட்ட நிபுணர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதற்கே அந்த நிலை. பேசி முடியும் முன்னே பெயர்க்கச் சொல்லப்படும் ஒருவருக்கு முன்தயாரிப்பு எவ்வளவு வேண்டும் என்று யோசியுங்கள்.

எனவே கூண்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் கூட்டத்துக்கு முந்திய நாள் தயாரிப்புக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலையும் பேசுபவர்களின் ஊர் விபரத்தையும் அனுப்புங்கள். முதல்நாள் அரைநாள் அமர்வில் உரைபெயர்ப்பாளர்களும் ஒவ்வொரு தரப்பில் இருந்து இரண்டு பேரும் உட்கார்ந்து 30, 40 சொற்களுக்கு ஒரு பட்டியல் போட வேண்டும். ஊர்ப்பெயர்கள், படை முகாம்களின் பெயர்கள், ஆண்டுகள், நினைவுநாட்கள் எல்லாம் அதில் வரவேண்டும். முள்ளிவாய்க்கால் கஞ்சியை ‘கெந்த’ என்று மட்டும் சொன்னால் சிங்களவருக்குக் காலையில் குடிக்கும் இலைக்கஞ்சியான கொலகெந்த ஞாபகம் வரும். 2009 இல் கடைசி மாதங்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டுமாகச் சனம் குடித்தது என்ற ஒரு வரியை எங்கே சேர்ப்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சுக்கும் மட்டக்களப்புப் பேச்சுக்கும் மலையகப் பேச்சுக்கும் பழகிய காது இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த அரைநாளுக்குக் கட்டணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள். ‘தேவையில்லை, அனுபவசாலிகள்’ என்று சொல்லித் தயாரிப்பைத் தட்டிக் கழிப்பவர்களைத் தவிருங்கள்.

சாட்சியம் சொல்லும் அமர்வுக்கு ஹெட்செட்டே வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் இரண்டு மூன்று வசனம் சொல்லி நிறுத்த, உரைபெயர்ப்பாளர் எழுந்து அதைச் சொல்லும் பழைய முறைக்குப் போங்கள். நேரம் இரட்டிப்பாகும். 10 நிமிடக் கதைக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். முதல்முறை எதிர்த்தரப்பு சொல் புரியாமல் முகத்தை மட்டும் பார்க்கிறது, இரண்டாம் முறை சொல்லைக் கேட்கிறது. சொல்பவருக்கும் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. தன் கதை மறுமொழியில் போவதை அவரே பார்த்து, இருமொழி தெரிந்த உறவினர் ஒருவர் மூலம் அங்கேயே திருத்தலாம். காணாமல்போனோர் பற்றி 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அமர்வுகளில் உரைபெயர்ப்புக் குறைகள் பற்றிப் பலர் முறைப்பட்டார்கள். அமர்ந்திருந்தவர் தன் சொல் எப்படிப் போகிறது என்று தெரியாமல் இருந்ததுதான் அதில் பெரிய வேதனை. ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்காமல், ‘நான்’ என்றே உரைபெயர்ப்பாளர் பேச வேண்டும் என்பது இங்கும் விதி. அழுகை வந்தால் சோடியில் மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். அதே சோடியை இரண்டாம் நாளும் சாட்சிய அமர்வில் இருத்தக் கூடாது.

ஒப்பந்தத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். பல ஒலிப் பெட்டிகளில் பதிவு செய்யும் வசதி உண்டு. பதிவு இல்லை, தற்செயலாகப் பதிந்திருந்தால் ஏற்பாட்டாளர் முன்னிலையில் அன்றே அழிக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். ஒலிக்காரர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு செலவு, யாரும் பட்டியலில் போடாதது. தேநீர் இடைவேளையில் உரைபெயர்ப்பாளர்களும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் வட்டத்தில் பேசாதவர்கள் பேசுவது அந்த 20 நிமிடத்தில்தான். யாழ்ப்பாணத்தில் 1984 இல் அன்னையர் முன்னணி இருந்தது, தெற்கில் 1990 இல் அதே பெயரில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகளைத் தேடி நின்றவர்கள். இப்படிப்பட்ட இரண்டு பேர் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றால் ‘அம்மா’ என்பதற்கு மட்டும் உரைபெயர்ப்பு வேண்டியதில்லை, இரண்டு மொழியிலும் அதே சொல். அடுத்த வசனத்துக்கு ஆள் வேண்டும். மூன்றாவதாக ஒருவரை, இடைவேளைகளுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் எடுங்கள். அமர்வுகளில் அவரை உட்கார வைக்காமல் ஓய்வாக விடுங்கள். மைக் வேண்டாம், கருவி வேண்டாம். தேநீர் மேசையின் ஓரத்தில், பெண்கள் நிற்கும் பக்கமாக, அவர் நின்றால் போதும்.